கூடை இறக்கிய இடம்

வகுப்பில் சத்தம் கூடினால் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா?" காரைக்கால் பள்ளியில் படித்தவர்களும் கேட்டிருப்பார்கள், சென்னைக் கல்லூரியில் படித்தவர்களும் கேட்டிருப்பார்கள். மீன் மார்க்கெட்டின் சத்தம் யாருடைய சத்தம் என்று அந்த ஆசிரியரை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது பெண்களின் சத்தம். விலை சொல்லும், பேரம் மறுக்கும், கடனைத் திருப்பிக் கேட்கும் சத்தம். அடுப்படியிலிருந்து தெருவரை கேட்கக் கூடாது என்று நமக்குப் பழக்கிய குரல், அங்கே பிழைப்புக்கான கருவி. தராசு எப்படியோ அப்படித்தான் அதுவும்.

இந்தக் குரலுக்குத் தமிழில் வயது அதிகம். அகநானூற்றின் 140ஆம் பாடலில் உமணர் மகள் ஒருத்தி உப்பை நெல்லுக்கு மாற்றுவதாகச் சேரியில் கூவிக்கொண்டு போகிறாள். பழக்கமில்லாத குரல் கேட்டு ஒரு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் அஞ்சுகிறாள். பாட்டு அவளுடைய கண்ணழகில் விழுந்த ஆணின் தவிப்பைச் சொல்வது. அந்த ஊரில் அன்று உப்பு எவ்வளவு விற்றது, நெல்லை யார் தூக்கிப் போனார்கள் என்பதில் தலைவனுக்கு அக்கறை இல்லை. ஆனாலும் அந்த நாய் நமக்கு ஒரு சாட்சி. தெருவில் விலை கூவும் பெண் அன்றைக்கே இருந்தாள், அன்றைக்கே குரைப்பும் வாங்கினாள்.

மதுரைக்காஞ்சி பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் பாடுகிறது. அங்கே நரைத்த தலையோடு, பண்டமும் பூவும் ஏந்தி, வீடு வீடாகப் போகும் முதிய பெண்கள் வருகிறார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே, தரங்கம்பாடி தாண்டியிருக்கும் பூம்புகாரைச் சிலப்பதிகாரம் வருணிக்கும்போது கள் விற்ற பெண்களுக்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறது: கள்நொடையாட்டியர். மீனுக்கும் உப்புக்கும் அப்படித் தனியாகப் பெண்பால் சொல் அந்தப் பட்டியலில் இல்லை. மீன் விற்றவர் 'பரதவர்' என்ற பொதுப்பெயருக்குள் போய்விடுகிறார். இருந்தும் காணாமல் போவது இப்படித்தான்.

இன்னொரு பக்கம், காரைக்காலின் பெயரைச் சுமக்கும் பெண் ஒரு வணிகர் வீட்டுப் பெண். புனிதவதியின் தந்தை வணிகர், கணவன் பரமதத்தன் வணிகன். பெரியபுராணக் கதையில் மாங்கனி இரண்டும் கடையிலிருந்து வீட்டுக்கு வருகின்றன. புனிதவதி கடைக்குப் போவதில்லை. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள். கீழே தெருவோரத்தில் அதே மாம்பழத்தைக் கூறு கட்டி விற்கும் பெண்களின் கதையைப் பாட ஒரு புராணமும் இல்லை.

சுரக்குடி கடலோரம் அல்ல. திருநள்ளாறு கொம்யூனில், வயலுக்கு நடுவே இருக்கும் ஊர். மீன் எங்களிடம் நடந்து வந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு பக்கத்திலிருந்து தலையில் கூடையோடு வரும் பெண்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முறை வைத்துக் கூப்பிட்டார்கள்: அக்கா, ஆயா, ஆச்சி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எங்கள் மேற்கு எல்லையைத் தாண்டிப் பேரளம் பக்கம் சரக்கு கொண்டுபோவது வேறு நாட்டுக்குள் போவது. எல்லையைப் பற்றி எழுதியவர்கள் கவர்னர்களையும் ஒப்பந்தங்களையும் எழுதினார்கள். கூடையோடு நடந்தவர்களை எழுதவில்லை. கூடை எந்த வண்டியில் ஏறும் என்பதே பெண் வியாபாரியின் எல்லையைத் தீர்மானிக்கும் என்பதைக் கேரளத்தின் மீனவப் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். திருவனந்தபுரம் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் அவர்கள் பேருந்தில் ஏறும் உரிமைக்காகப் போராடித் தங்களுக்கென வண்டி பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பயணம் இலவசமாகிவிட்டது, ஏறுவதுதான் இன்னும் பாக்கி.

பெருநகரத்தின் தெருச்சந்தைகளை ஒரே நாளில், விடியலிலிருந்து இரவுவரை நடந்து பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமையைச் சென்னையில் கழித்தேன். வாங்குவதற்குப் போகவில்லை. எங்கே பெண் உட்கார்ந்திருக்கிறாள், அந்த இடம் அவளுக்கு எப்படி வந்தது என்று பார்க்கப் போனேன். இரவு ரயிலில் எழும்பூர், அங்கிருந்து மெட்ரோவில் கோயம்பேடு.

கோயம்பேட்டில் விடியலுக்குள் பாதி நாள் முடிந்திருக்கும். லாரியில் வந்த சரக்கு இறங்கி, ஏலமும் பேரமும் முடிந்து, சில்லறைக்காரர்கள் மூட்டை கட்டும் நேரம். உள்ளே கடைக் கட்டடங்களில் கல்லாவில் இருப்பவர்கள் ஆண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் ஆண்கள். கட்டடங்களுக்கு இடையிலான நடைபாதையில், சாக்கை விரித்து, தக்காளியும் பச்சைமிளகாயும் கூறு கூறாக வைத்து உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் அதிகம். வெங்காயத் தோல் உரிப்பதும் கழிவில் நல்லதைப் பொறுக்கித் தரம் பிரிப்பதும் அவர்கள்தான். ஒரே சந்தை, கூரைக்குக் கீழே ஒரு பால், கூரைகளுக்கு இடையே ஒரு பால்.

இந்தச் சந்தை 1996இல் இங்கே வந்தது. அதற்கு முன் நகரத்தின் மொத்தக் காய்கறி வியாபாரம் ஜார்ஜ் டவுனில், கொத்தவால் சாவடியில் நடந்தது. நெரிசல், குப்பை, லாரி நுழைய முடியாத சந்து என்று மாற்றத்துக்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் சந்தை நகரும்போது கடை வைத்திருப்பவருக்கு மாற்றுக்கடை கிடைக்கும். சுவரோரத்தில் சாக்கு விரித்தவளுக்கு மாற்றுச்சாக்கு என்று ஒன்றில்லை. அவளிடம் இருந்த சொத்து அந்த இடத்தின் பழக்கம்: இந்த மூலையில் இன்னார் இருப்பாள் என்று வாங்குபவருக்குத் தெரிந்திருப்பது. அதை எந்தக் கோப்பிலும் ஏற்ற முடியாது. 2020இல் கொரோனா பரவலைக் காரணம் காட்டி மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு அனுப்பப்பட்டபோதும் இதே வரிசைதான். செப்டம்பர் இறுதியில் திரும்பத் திறந்தபோது பெரிய மொத்தக் கடைகள் முதலில். சிறு கடைகள் அதற்குப் பிறகு. தரையில் உட்காருபவளின் முறை எப்போது என்பது அறிவிப்பில் வரும் விஷயமே இல்லை.

பெண் ஏன் மொத்த வியாபாரத்துக்கு ஏறுவதில்லை, சில்லறையிலேயே ஏன் நின்றுபோகிறாள் என்ற கேள்விக்கு, "அவளுக்கு அவ்வளவுதான் முடியும்" என்பது ஊர் சொல்லும் பதில். 1970களில் சென்னைச் சந்தைகளில் பெண் வியாபாரிகளோடு இருந்து ஆய்வு செய்த ஜொஹானா லெஸ்ஸிங்கர் என்ற மானுடவியலாளர் வேறு பதிலைத் தந்தார். அவருடைய கட்டுரை 1986இல் 'ஃபெமினிஸ்ட் ஸ்டடீஸ்' இதழில் வெளிவந்தது. மொத்த வியாபாரம் என்றால் இரவில் போக வேண்டும், அறியாத ஆண்களோடு கடன் பேச வேண்டும், வெளியூர் போய்ச் சரக்கு பிடிக்க வேண்டும். இவை அனைத்தும் "நல்ல பெண்" செய்யக் கூடாதவை. வியாபாரத்துக்குத் தேவையான ஒவ்வொரு நடையும் ஒழுக்கத்தின் கணக்கில் கழிக்கப்படுகிறது. இதைச் சமாளிக்கப் பெண்கள் சந்தையையே ஒரு வீடுபோல ஆக்கிக்கொண்டார்கள்: பக்கத்துக் கடைக்காரர் அண்ணன், எதிர்க்கடைக்காரி அக்கா, கிழவி ஆயா. முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் பார்வைக்கு ஒரு வரம்பு வருகிறது. ஆனால் அந்த அண்ணனே காவலும் ஆகிறார். யாரோடு சிரித்தாள் என்பது மாலைக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். மதுரைக்காஞ்சியில் வீடு வீடாகப் போகிறவர்கள் ஏன் நரைத்த தலையோடு இருக்கிறார்கள் என்பது இந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அழகில் மாட்டாத வயது வந்தபிறகே தெரு பெண்ணுக்குக் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கிறது.

கோயம்பேட்டிலிருந்து சென்ட்ரல். மூர் மார்க்கெட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகள் ஏற்கெனவே ஏராளம். பிராட்வேயில் இருந்த பழைய சந்தை சுகாதாரக் கேடு என்று சொல்லி, மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்ட கட்டடம். 1985 மே 30 அன்று எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகம். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். சந்தையை "சுத்தம்" என்ற பெயரில் கூரைக்குள் தள்ளும் வேலை நம்முடைய அரசுகள் கண்டுபிடித்தது அல்ல, 1898இலேயே அது கொள்கை. மருத்துவமும் ஒழுங்கும் பேசிய அந்தக் கொள்கையில் தெருவில் விற்பவர் ஆள் அல்ல, அடைப்பு. இன்றைய நகராட்சி மொழியில் அதற்குச் சொல் "ஆக்கிரமிப்பு".

பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் மாம்பலம். படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்கே இரண்டு விதமான பெண்கள் எதிரெதிரே வேலை செய்கிறார்கள். தரையில் பூ, ஹேர்பின், கைக்குட்டை விற்பவள் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போக முடியாது, போனால் இடம் போய்விடும். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கடைக்குள் புடவை விரித்துக் காட்டும் பெண் நாளெல்லாம் நிற்கிறாள். உட்கார முடியாது, உட்கார்ந்தால் வேலை போய்விடும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் அந்தக் கடைகளின் உள்பக்கத்தைக் காட்டியபோது ஊரே அதிர்ந்தது. ஆனால் நாற்காலி வரப் பதினொரு ஆண்டுகள் ஆயின. அதுவும் வழி காட்டியது கோழிக்கோடு. மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகச் சேர்ந்தார்கள், 'பெண்கூட்டு' என்ற அமைப்பானார்கள், பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது. நான் போன அன்று ஒரு பெரிய கடையில் முக்காலிகள் இருந்தன. அவற்றின் மேல் துணிக்கட்டு இருந்தது.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லாது. தரைக்கடைப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். வெயிலில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல், மாதவிடாய் நாட்களிலும் இடத்தை விடாமல் இருப்பதற்கு உடல் தரும் விலை சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும். ஒரு சந்தை பெண்களுக்காகக் கட்டப்பட்டதா என்பதை அறிய முகப்பைப் பார்க்க வேண்டாம். கழிப்பறை எவ்வளவு தூரம், அது எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேட்டால் போதும்.

அடுத்து பாண்டி பஜார். ஊர்க்காரர்கள் பலர் இதைப் பாண்டிச்சேரியோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் ஒன்றியப் பிரதேசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயரால் வந்தது. நீதிக்கட்சிக்காரர், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. அந்தச் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆயிற்று. அதே 1989இல்தான் உச்ச நீதிமன்றம் சோடன் சிங் வழக்கில், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், ஒழுங்குபடுத்தலாம் என்று சொன்னது. தலைவரின் பெயர் தாங்கிய தெருவில் அந்த இரண்டு உரிமையும் சந்தித்திருக்க வேண்டும். 2013இல் நடைபாதை வியாபாரிகள் அங்கிருந்து பல மாடி வளாகம் ஒன்றுக்குள் அனுப்பப்பட்டார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது: கற்கள், இருக்கைகள், விளக்குகள். நன்றாகவே இருக்கிறது, நடக்கச் சுகம். நானும் அந்த இருக்கையில் அரை மணி நேரம் கால் நீட்டினேன். ஆனால் பூ என்பது போகிற போக்கில் வாங்கும் பொருள். ஒரு முழம் மல்லிகைக்காக யார் மாடி ஏறுவார்கள்? நடப்பவருக்கு இடம் கொடுப்பதற்காக, நடப்பவரை நம்பி உட்கார்ந்தவரை எடுத்துவிட்டோம்.

இடத்தை அடுத்து, முதல். விடியலில் சரக்கு எடுக்கக் கையில் காசு வேண்டும், அது வங்கி திறக்காத நேரம். அதனால் தண்டல். ஆயிரத்துக்கு நூற்றைம்பது முன்னாலேயே பிடித்துக்கொண்டு எண்ணூற்றைம்பது தருவார்கள். நாளுக்குப் பத்து வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். இதே நாட்டில் 1972 முதல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் அரசு வங்கிகளிடம் இருந்தது. கூடைக்காரிக்கும் அந்த வங்கிக்கும் நடுவில் இருந்தது படிவம், ஜாமீன், ஒரு மேசை. 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு அந்த மேசையைக் கடக்க முயன்ற வேலை. காய்கறியும் பூவும் மீனும் விற்ற பெண்களைத் தெருவாரியாகக் குழு சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் ஆக்கி, வங்கிக் கடன் பெற்றுத் தந்தார்கள். வங்கிகளின் தாமதம் சலித்துப்போய் 1981இல் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். சிறுகடன் என்றால் எல்லோரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கியைச் சொல்கிறார்கள். நம் தெருப் பெண்கள் அதே பத்தாண்டில் இங்கே செய்ததை மாணவிகள் பாடத்தில் படிப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமை. சிறுகடன் பின்னாளில் தனியார் நிறுவனங்களின் கையில் எப்படி வாராந்திர மிரட்டலாக மாறியது என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.

மாலையில் மெரினா லூப் சாலை. ஒரு பக்கம் நொச்சிக்குப்பம், மறுபக்கம் கடல், நடுவே சாலை. படகில் வந்த மீனை மணலிலிருந்து சில அடி தூரத்தில் பெண்கள் விற்கிறார்கள். சாலை வருவதற்கு முன்பே குப்பம் இருந்தது. 1985இல் கடற்கரையை அழகுபடுத்தப் படகுகளை அகற்ற அரசு முயன்றபோது போராட்டம் வெடித்து, டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து லூப் சாலை மீன்கடைகளை "ஆக்கிரமிப்பு" என்று எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைச் சாலையில் போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. மற்ற இடமாற்றங்களோடு ஒப்பிட்டால் இது மேல். கடலை விட்டுத் தூரத்துக்கு அனுப்பவில்லை, மேடையும் தண்ணீரும் உண்டு. அருவாமணையில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர், "பாத்துட்டே நிக்காத கண்ணு, ஐஸ் உருவுது" என்று அதட்டினார். எங்கள் ஊர் ஆச்சியின் அதே தொண்டை. வாங்கிவிட்டேன், ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்காமல்.

இவ்வளவு அகற்றலுக்கும் நடுவில், 2014 மே 1 முதல் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. சென்னைக்கும் அதுதான், காரைக்காலுக்கும் அதுதான். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, இடம் மாற்ற முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. நெடுநாளாக மக்கள் கூடி வாங்கி விற்கும் இடத்தை "இயற்கைச் சந்தை" என்று ஏற்கிறது. கோப்பில் ஏற்ற முடியாது என்று மேலே சொன்ன அந்தப் பழக்கத்துக்குச் சட்டம் வைத்த பெயர் இது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பது பேர் குழுவில் பெண் வியாபாரிகள் குறைந்தது நான்கு. நடைபாதையில் பார்த்தால் பாதிக்குப் பாதி, மேசையில் முப்பதுக்கு நான்கு.

அந்த நான்கு பேரும் போக வேண்டிய கூட்டம் அலுவலக நேரத்தில், அதாவது வியாபார நேரத்தில் கூடும். போனால் அன்றைய வரும்படி இல்லை, தண்டல்காரர் அன்றும் வருவார். சாக்கையும் தராசையும் யாரிடம் விட்டுப் போவது? பக்கத்துக் கடை அக்காவிடம்தான். "ஒரு எட்டு ஆபீஸ்வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்க்கா, கூறு இருபது ரூவா, குறைச்சுக் குடுத்துராதீங்க."